கட்டைவிரல் அசைந்த செய்தி

பிப்ரவரி 3

அன்புள்ள குருவிக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான். முதியோர் வகுப்பு டீச்சர் இதைத் திருத்தவில்லை, மளிகைக் கடைக்காரர் எழுதித் தரவில்லை. காலையில் உட்கார்ந்தேன். இப்போது வெயில் சமையலறைச் சுவருக்கு வந்துவிட்டது. சிரிக்காதே. நான் வேலை பார்த்த சலவை ஆலையில் பாய்லர் சூடேறவும் நேரமாகும், ஏறிவிட்டால் ஆலையே ஓடும்.

அந்த பாய்லர் இரைச்சல்தான் என் காதைத் தின்றது. போனில் உன் குரல் கொசு முனகுவது போலக் கேட்கிறது. "என்னம்மா? என்னம்மா?" என்று நான் கத்த, பதிலுக்கு நீ கத்த, உன் வார்டே திரும்பிப் பார்த்திருக்கும். இனி அந்தக் கூத்து வேண்டாம்.

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். மறந்துவிட்டேன். நலமா? ஊசி எப்போது? விளம்பரப் பலகை மாட்டப் போய் ஏணியிலிருந்து நீ விழுந்த நாள் முதல் இந்த வீட்டில் ஒரே கேள்விதான், உன் கால் எப்போது அசையும் என்று. இப்போது அதற்குப் பதில் வரப்போகிறது.

எழுதத் தெரிந்த
உன் அப்பா


பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் அக்காவிடம் காட்டினேன். "ஒவ்வொரு எழுத்தும் டிரில் மாஸ்டர் முன்னாடி நிக்கிற மாதிரி நிக்குதுடி" என்றார். நான் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அழவில்லை, சும்மாதான்.

என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துவிட்டார்கள். அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, முதுகுத் தண்டில் அடிபட்ட இடத்தில் வைப்பார்கள். டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இது இன்னும் சோதனையிலதான் இருக்கு. கொஞ்சம் உணர்ச்சி திரும்பலாம். ஒண்ணுமே திரும்பாமலும் போகலாம். நடப்பேன்னு நினைச்சுக்கிட்டு வராதே."

எனக்குப் புரிந்தது அப்பா. உங்களுக்கும் புரிய வேண்டும்.

குருவி


பிப்ரவரி 20

அன்புள்ள குருவிக்கு,

உன்னிடமிருந்தே எடுத்து உனக்கே கொடுப்பார்களா? என்னிடம் கேட்டிருந்தால் இரண்டு இடுப்பையும் கொடுத்திருப்பேனே. "கிழட்டு எலும்புல என்ன இருக்கும், சுண்ணாம்புதான்" என்று கடைக்காரர் கிண்டல் செய்கிறார். அவருக்கு என்மேல் பொறாமை. அவர் மகன் அவருக்குக் கடிதம் போடுவதில்லை.

உன் கடிதத்தை நானே படித்தேன். 'ஒண்ணுமே திரும்பாமலும் போகலாம்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அப்புறம் தாண்டிப் போய்விட்டேன். படிக்கத் தெரிந்தவனுக்கு எதைப் படிக்காமல் விடுவது என்பதும் தெரிய வேண்டாமா?

தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இப்போது கடைகளின் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே நடக்கிறேன். பாதிப் பலகை நீ மாட்டியதாம். இத்தனை நாள் அதன் கீழேயே போயிருக்கிறேன், என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல்.

உன் அப்பா


மார்ச் 16

அப்பா,

இன்று அவசரமாக எழுதுகிறேன். செல்களை வைத்து இரண்டு வாரம் ஆகிறது. காலையில் போர்வையை விலக்கியபோது இடது கால் கட்டைவிரல் அசைந்தது. நான் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் அக்காவும் பார்த்தார். "அடியே, அசையுதுடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தார்.

டாக்டரம்மா இன்னும் வரவில்லை. அதற்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசலுக்குப் போகிற நர்ஸ் இதைத் தபாலில் சேர்ப்பார்.

உங்கள் குருவி


மார்ச் 24

என் தங்கக் குருவிக்கு,

அந்த ஒரு வரியைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினேன். டீச்சர் கரும்பலகையில் 'கட்டைவிரல் அசைந்தது' என்று எழுதி வகுப்பையே படிக்கச் சொன்னார். கண்ணாடி போட்ட கிழவர்களும் கிழவிகளும் ஒரே குரலில் படித்தோம். எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்.

இன்னொரு செய்தி. உன் சக்கர நாற்காலிக்காக வாசலில் போட்ட சிமெண்டுச் சரிவை இடித்துவிட்டேன். கொத்தனார், "பெரியவரே, பொண்ணு வரட்டும், அப்புறம் இடிச்சுக்கலாம்" என்றார். "ஏன்யா, நடந்து வர்றவளுக்கு எதுக்குச் சரிவு?" என்று சம்மட்டியை நானே வாங்கிக்கொண்டேன். பழையபடி மூன்று படி வைத்தாகிவிட்டது. சுவரில் மாட்டிய கைப்பிடிக் கம்பிகளையும் கழற்றிவிட்டேன். வீடு பழைய வீடாகிவிட்டது, நீ வந்தால் முடிந்தது.

இப்போது எந்த விரல்? எல்லாவற்றையும் எழுது.

உன் அப்பா


மே 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நடுவில் நீங்கள் போட்ட கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளுங்கள்.

விரல் அசைந்தது உண்மை. ஆனால் அதை அசைத்தது நான் இல்லை. டாக்டரம்மா அன்று சாயங்காலமே பார்த்துவிட்டுச் சொன்னார்: தசை தானாகத் துடிக்கிறது, அடிபட்ட உடம்பில் அப்படி நடக்கும், செல்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மறுநாள் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அப்புறம் படிகள் வைத்த கடிதம் வந்தது. அதற்குப் பிறகு பேனாவைத் தொடவே பயமாக இருந்தது.

இடுப்புக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குத் தொடு உணர்ச்சி வந்திருக்கிறது. அதோடு இரண்டு காலிலும் நெருப்பு வைத்தது போல எரிச்சலும் வந்திருக்கிறது. இனி இதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏமாற்றவில்லை அப்பா, முதலிலேயே சொன்னார்கள்.

சரிவை மறுபடி கட்ட வேண்டாம். நான் இங்கேயே ஒரு விடுதியில் தங்குகிறேன். கணினியில் விளம்பரப் பலகை வரையும் வேலை கிடைத்திருக்கிறது. காரணம் படிகள் இல்லை.

விழுந்ததிலிருந்து தினமும் காலையில் என் அறைக்கு வருவீர்கள். முதலில் போர்வையின் கால்பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். "என்னம்மா, இன்னிக்கு ஏதாவது?" என்பீர்கள், பாதத்தைப் பார்த்தபடியே. நான் 'இல்லை' என்று தலையசைப்பதைக்கூட நீங்கள் பார்த்ததில்லை. தினமும் உங்களைத் தோற்கடித்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க என்னால் முடியாது. இங்கே யாரும் என் காலைப் பார்ப்பதில்லை.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

குருவி


மே 21

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதத்தில் எதையும் தாண்டிப் போகவில்லை. எல்லா வரியும் படித்தேன்.

முதலில் கோபம் வந்தது. பெற்ற மகளின் முகத்தைப் பார்க்காத அப்பன் உண்டா என்று கடைக்காரரிடம் கத்தினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து கண்ணை மூடி உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். பாதம்தான் வந்தது. வளைந்த சுண்டுவிரல், செருப்புக் கண்டு நாளான உள்ளங்கால், நான் வெட்டிவிட்ட நகம், எல்லாம் துல்லியமாக வந்தன. முகம் வரவில்லை.

சின்ன வயதில் கதவில் இடித்துக்கொண்டு உன் புருவத்தில் ஒரு தழும்பு விழுந்தது. அது இடதா, வலதா? இரண்டு நாளாக யோசிக்கிறேன். அலமாரியில் உன் போட்டோ இருக்கிறது, எழுந்து போனால் தெரிந்துவிடும். போகவில்லை. அது ஏமாற்று வேலை.

நெருப்பு வைத்தது போல எரிகிறது என்று எழுதியிருந்தாய். எப்போது எரிகிறது? யார் தைலம் தடவுகிறார்கள்? தடவினால் குறைகிறதா? இதற்கு மட்டும் ஒரு வரி எழுது. இதைக் கேட்பதும் காலைப் பார்ப்பது போலாகிவிட்டால், எழுதாதே.

வீட்டுக்கு வா என்று கேட்கமாட்டேன். என்னைக் கூப்பிட வேண்டும் என்று எப்போதாவது தோன்றினால் கூப்பிடு, வருகிறேன். வண்டியின் பெயரை நானே படித்து ஏறிக்கொள்வேன். எந்தப் புருவம் என்று மட்டும் எழுதிவிடாதே. அதை நானே பார்க்க வேண்டும்.

உன் அப்பா