எட்டு மணிக்கு மேல் முள் விழக் கூடாது

அலபாமா,
ஜூலை 24

அன்பு மகள் ஜெனெலுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அலாஸ்கா குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பதினேழு நாளாக ஒரு பொட்டு மழையில்லை, குளம் ஒரு முழம் இறங்கிவிட்டது, தக்காளி செடியிலேயே வெந்துபோகிறது, உன் அப்பா காலையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறார். போன ஞாயிறு நீ போனில், எலியட்டைப் பற்றி என்னம்மா நினைக்கிறாய், அவனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாய், நான் அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். எண்ணெயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் போனை எடுத்தாலே அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுவார், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

உன் ஆள் எலியட் எங்களைப் பார்க்கத் தனியாக வந்து இறங்கிய கோலத்தைச் சொல்ல வேண்டும். சட்டை முழுக்க மீன் படம், கையில் இரண்டு பெட்டி, பெட்டிக்குள் மிட்டாய்க் கடை மாதிரி கலர் கலராக, தூண்டிலில் மாட்டி மீனை ஏமாற்றும் ரப்பர் மீன், ரப்பர் தவளை, ரப்பர் புழு. தண்ணீருக்கு அடியில் மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும் மிஷின் வேறு. இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் கேட்கும் குளத்துக்கு மிஷின்! தெற்கத்திக்காரர்களிடம் மேடம் போட்டுப் பேச வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ, மூச்சுக்கு மூச்சு மேடம், உப்பை எடுத்துக் கொடுத்தால்கூட மேடம். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டில், "காலைல நீங்க மீன் புடிக்கப் போறப்ப நானும் வரட்டுங்களா மேடம்" என்று கேட்டான். "மொதல்ல ஒழுங்கா தூண்டில் வீசக் கத்துக்க, அப்புறம் பாக்கலாம்" என்றேன். அப்பா சிரித்தார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள், நடு மத்தியானம், நாய்கூட நிழலை விட்டு வராத நேரத்தில், மரத்துறையில் நின்று வீசிக்கொண்டே இருந்தான். வேலியில் நீ பெயிண்ட் அடித்து மாட்டிய பலகை இன்னும் இருக்கிறது, ஜூலை ஆகஸ்டில் காலை எட்டு மணிக்கு மேல் தண்ணீரில் தூண்டில் முள் விழக் கூடாது என்று. தண்ணீர் குளிக்கக் காய்ச்சியது போல் இருக்கும்போது மீனை இழுத்து அலைக்கழித்தால், திரும்ப விட்டாலும் அது பிழைக்காது. இந்த ஊரே அந்தப் பலகைக்கு மரியாதை கொடுக்கிறது. நான் அவனைத் தடுக்கவில்லை. அவனால் எந்த மீனுக்கும் ஆபத்தில்லை என்றுதான் விட்டேன். மிஷின் காட்டுகிறதென்று ஆழத்தில் போடுகிறான், கோடையில் அடித் தண்ணீரில் மூச்சு விடவே வழியிருக்காது, மீன் எல்லாம் மேலே நிழலில் ஒண்டிக் கிடக்கும், அது தெரியாத மேதாவி. வீசுவதோ கோழி விரட்டுகிற மாதிரி. ஒரு தடவை பீக்கன் மரக் கிளையில் தூண்டில் நரம்பைச் சுற்றவிட்டான், ஒரு தடவை தன் தொப்பியையே குளத்தில் எறிந்தான், நெருப்பெறும்புப் புற்றில் நின்று ஒரு ஆட்டமும் ஆடினான். நான் மரத்தடியில் மொச்சை உரித்துக்கொண்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான், அது எனக்கு இன்னும் எரிச்சல்.

மூன்றாம் நாள் கேட்டான், "ஜெனெல் சொல்லுமே, மேயரம்மான்னு ஒரு பெரிய பாஸ் மீனு, அது எங்க மேடம் இருக்கும்? சும்மா ஒரு தடவ பாக்கணும்." பாருடா பார் என்று எழுந்தேன். மடியிலிருந்த மொச்சை எல்லாம் மண்ணில். என் பழைய தூண்டில் கம்பை எடுத்து, முள்ளில் புழுவைக் கோத்தேன். அவன் மெதுவாக, "மேடம், மணி மூணாவுது" என்றான். டீக்கு அலைகிறான் என்று நினைத்தேன். துறையின் நிழலில் இரண்டாவது வீச்சிலேயே மேயரம்மா கவ்வினாள். மெல்லிய நரம்பு, நான் விட்டுக் கொடுத்து இழுத்து விட்டுக் கொடுத்து இழுத்து, கால் மணி நேரம் வித்தை காட்டினேன் ஜெனெல். அவனுக்குக் காட்டினேன். கரையேற்றித் தூக்கிப் பிடித்து, "எடு போட்டோவ" என்றேன். அவன் போனைத் தொடவே இல்லை. "தண்ணில விடுங்க மேடம், ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டே ஷூவோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான்.

மேயரம்மா நேராக நிற்கவில்லை, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். அவன் அவள் தாடையைப் பிடித்து நிழலில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தான். நான் ஏறி வரச் சொன்னேன், வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவன் கையிலேயே செத்துப்போனாள். காலில் அட்டைப்பூச்சியோடு ஏறி வந்தான். சாப்பாட்டில் அப்பா, "யாருய்யா அவளக் கொன்னது" என்று அதட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள், இல்லை, பொய் எதற்கு, எனக்கு நிறைய நேரம் இருந்தது, நான் திறக்கவில்லை. "என்னாலதான் சார்" என்றான் அவன். நான் அவன் தட்டில் வெண்டைக்காய் வறுவலை வைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. காலையில் அவன் போய்விட்டான். அப்பா இந்தக் கதையைத் தீவனக் கடையிலும் சர்ச் வாசலிலும் சொல்லிக்கொண்டு திரிகிறார், உன்னிடமும் சொல்லியிருப்பார்.

ஒரு பெட்டியைத் துறையில் மறந்துவிட்டுப் போயிருந்தான். நேற்றுத் திறந்தேன். அத்தனை ரப்பர் தவளையிலும் புழுவிலும் ஒன்றில்கூட முள் இல்லை. எல்லாவற்றையும் கழற்றி ஒரு மாத்திரை டப்பியில் போட்டு மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: எட்டு மணிக்கு முன் மட்டும். மூன்று நாளும் அந்த மடையன் முள்ளில்லாமல்தான் வீசியிருக்கிறான், நான் சொன்னபடி வீசக் கற்றுக்கொண்டிருக்கிறான். பலகையை மீறிய ஒரே ஆள் உன் அம்மாதான்.

அவனுக்கு மீன் பிடிக்க வராது, இந்த ஜன்மத்தில் வராது, அதில் நான் சொன்னது சொன்னதுதான். நீ அவனைக் கட்டிக்கொள். அக்டோபரில் தண்ணீர் குளிர்ந்ததும் கூட்டிக்கொண்டு வா, விடிகாலை ஐந்து மணிக்கு அவனை எழுப்ப வேண்டியது என் பொறுப்பு. அந்தச் சட்டை மட்டும் வேண்டாம். இருவரும் நோய் நொடி இல்லாமல் ஒற்றுமையாக இருக்க வேண்டும், கடவுள் துணையிருப்பார், குளிருக்குக் காதை மூடிக்கொள். அப்பாவிடம் இன்று சாப்பாட்டு வேளையில் உண்மையைச் சொல்லப்போகிறேன். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். இதை முதலில் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், அப்புறம் நான் நினைத்தாலும் பின்வாங்க முடியாது.

இப்படிக்கு உன் அம்மா,
லொரீன்