கறுப்புப் பாலிஷ் அடித்த கால்கள்

பட்டறை முழுக்க உன் பாலிஷ் வாசனை. தோப்பு விடுதிக்கு நாம் செய்துகொடுத்த மடக்கு மேசைகள் ஆறும் வெயிலில் நிறம் போய், புதுப் பாலிஷுக்காகப் போன மாதம் திரும்பி வந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்த வாசனை கிளம்பியது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. முதல் மேசையைத் தேய்த்து முடிக்கும்வரை உன்னை நினைத்து அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அந்த மேசையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மரத்தடியில் உட்காருபவர்கள் டீயோ இளநீரோ வைத்துக்கொள்ள முழங்கால் உயரத்தில் ஒரு பலகை, கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகும் கால்கள், அவற்றைச் சேர்க்க போல்ட்டு. நாலு காலிலும் துளை ஒரே இடத்தில் விழவேண்டும். நூலளவு தப்பினாலும் மேசை ஆடும். அளந்து துளை போடுவது என் வேலை. இழைப்பதும் பூட்டுவதும் பாலிஷும் உன்னுடையது. ஒவ்வொன்றும் முடிந்ததும் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மேலே வைத்து, “சிந்துச்சான்னு பாரு மாப்ள” என்பாய். ஒரு தடவைகூடச் சிந்தியதில்லை. பொன்னமராவதியில் என்னைப்போல் துளை போட ஆள் இல்லை என்று டீக்கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டதெல்லாம் நான்தான்.

பாலிஷ் போனதும் தெரிந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் ஒட்டி, நகத்தளவுக்கு வேறொரு மரத் துணுக்கு. நான் போட்ட துளையை அடைத்துவிட்டு, நீ பக்கத்தில் புதிதாகப் போட்டிருக்கிறாய். ஒரு மேசையில் இல்லை, ஆறிலும். காலுக்கு மட்டும் எதற்குக் கறுப்புப் பாலிஷ் என்று நான் கேட்டபோது, மண்ணுக் கறை தெரியாது என்று சொன்னவன் நீ. நீ போன பிறகு நான் தனியாகச் செய்த மேசை நொண்டியபோது, மரம் ஈரம் என்று மரக்கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அந்த மனுஷன் பாவம், வேறு மரம் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி மறைக்கக்கூட இல்லை. ரெண்டு வருடமாகவே அப்படித்தானாம். நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதும் நீ உட்கார்ந்து திருத்துவாயாம். அவளுக்குத் தெரியும், உன் மகளுக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரிந்திருக்கிறது.

“அண்ணே, ஒங்களுக்குப் பார்வை மங்குதுன்னு சொன்னா ஒடஞ்சு போயிருவீகன்னுதான் அவுக சொல்லல” என்றாள்.

நானாகவே உன்னிடம் ஒரு நாள் கேட்டேனே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரெண்டு வருடத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பென்சில் கோடு ரெண்டாகத் தெரிகிறது, வலது கண் சரியில்லையோ என்று உன்னிடம் காட்டினேன். நான் போட்ட கோட்டில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தாய். “நூல் புடிச்ச மாதிரி இருக்குடா. ஒனக்குக் கண்ணே வேணாம், கை பாத்துக்கும்” என்றாய். எனக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போக எடுத்து வைத்திருந்த சட்டையை அன்றைக்கே மடித்துப் பெட்டியில் வைத்தேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். நீ சொன்னதால் போகவில்லை.

இப்போது புதுக்கோட்டைக்குப் போய்க் காட்டினேன். சர்க்கரை, கண்ணின் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது. “ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா நிறுத்தியிருக்கலாங்க” என்றார் டாக்டரம்மா. வலது கண் இனி அவ்வளவுதான், இடதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். வரும்போது பஸ்ஸில் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். என் முகம் வாடக்கூடாது என்று பார்த்தாய், என் கண்ணைப் பார்க்கவில்லையேடா. ரெண்டு வருடம் என் முன்னால் டம்ளரை வைத்து, உன் வேலையைக் காட்டி என்னைச் சிரிக்கவைத்தாய். அதற்குப் பேர் அன்பு என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நேற்றுக் கல்லறைத் திருநாள். உன் கல்லறை இருக்கிற ஆவூருக்கு வரவேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனாலும் வந்தேன். உன் மனைவி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, நாலு பக்கமும் கையால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றாள். மெலிந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சேதி அவளுக்கு எட்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அவுக மேல கோவமாண்ணே?”

இருக்கிற கோபத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட வாயெடுத்தேன். மெழுகுவத்தியை மறைத்திருந்த கையை அவள் எடுத்துவிட்டாள்.

“சேச்சே, அவன் மேல எனக்கென்னம்மா கோவம்” என்றேன்.

நம்பிவிட்டாள். முகம் அப்படியே தெளிந்து போனது. பொய் என்று கொஞ்சமும் தெரியாதபடி சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்ததில் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அதுதான்.