பச்சைத் துணியின் ஒரு பாதி

அடி அண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தபின்

கர்த்தருக்குள் அன்பான என் மகன் எசேக்கியேலுக்கு, அப்பா ஆதிமூலம் சமாதானம் சொல்லி எழுதுவது.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டின்மேல் உட்கார மாட்டேன் என்கின்றன. சிலது மலை ஏறுகிறது, சிலது பள்ளத்தில் இறங்குகிறது. ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. அறுபத்தெட்டு வயதில் மகனுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது, பெருமையாகவும் இருக்கிறது. உனக்குப் பெயர் வைத்த பழைய போதகரிடம்தான் எனக்கு ஒரு சண்டை பாக்கி. எலியா என்று வைத்திருந்தால் மூன்று எழுத்தோடு போயிருக்கும். எசேக்கியேல் என்று எழுதி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் இரட்டைச்சுழிக் கொம்பு போட வேண்டியிருக்கிறது.

சிறையில் அதிகாரிகள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுப்பார்களாம். படிக்கட்டும். என் எழுத்தைப் பார்த்தால் பாவம், அவர்களுக்குத்தான் தலைவலி.

நேற்று வேலூருக்கு வந்தேன். காலை முதல் பஸ். மனு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மனுவையும் நானே எழுதினேன். அங்கே இருந்த போலீஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யார் எழுதினது பெரியவரே, கோழி கிளறின மாதிரி இருக்குதே என்று சிரித்தார். பன்னிரண்டு மணிக்கு அவரே வந்து, உன் மகனுக்குப் பார்க்க இஷ்டமில்லையாம் என்று சொன்னார். அப்போது அவர் சிரிக்கவில்லை. அம்மா உனக்கென்று அவித்துக் கொடுத்த மல்லாட்டையைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் குழந்தைக்கு ஒவ்வொரு கடலையாக உரித்துக் கொடுத்துவிட்டேன்.

உன் கோபம் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை கோர்ட்டில் நான் சொன்னதுதான் காரணம். பெற்றவனே சாட்சிக் கூண்டில் ஏறி, ஆமாம், என் மகன்தான் அடித்தான் என்று சொன்னால் யாருக்குத்தான் ஆறும். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் போக முடியாமல் மல்லாட்டையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒரு சமாச்சாரம் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். நம் செருப்புக் கடையில் கிரிவலம் வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் செருப்புக்கு நான் டோக்கன் கொடுத்ததே இல்லை அல்லவா. எண் தெரியாததால் துணியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைச் செருப்பில் கட்டி, மறுபாதியை அவர்கள் கையில் கொடுப்பேன். திரும்பி வந்து நீட்டினால் கிழிசலும் கிழிசலும் சேர்கிறதா என்று பார்த்துச் செருப்பை எடுத்துக் கொடுப்பேன். முப்பது வருடமாக ஒரு ஜோடி மாறியதில்லை. இப்போதுதான் படித்தவன் ஆகிவிட்டேனே. இந்தத் தீபத்துக்கு அட்டையில் நம்பர் எழுதிக் கொடுத்தேன். ஆறாம் நம்பர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பைக் கொடுத்துவிட்டேன். அது புத்தம் புதுசு. அவரும் கால் குளிரப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒன்பதாம் நம்பர்காரர் சேத்துப்பட்டுக்காரர். நம்பர் போடக் கத்துக்கினியே, படிக்க எப்போ கத்துக்குவே என்று கடை முன்னாலேயே நின்று கத்தினார். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தனுப்பினேன். மறுநாளே துணிக்குத் திரும்பிவிட்டேன். இதை நான் எழுத்து கற்கப் போகும் சாயங்கால வகுப்பில் சொன்னபோது ரேணுகாம்பாள் டீச்சர் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய். எதைப் பார்த்தாலும் இதை எசேக்கிக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. எட்டு மாதமாகச் சேர்த்து வைத்தது நிறைய இருக்கிறது.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

போன மாதம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, அப்பா, ஒரே ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லிடு, நான் வீட்டுக்கு வந்துடறேன் என்று நீ கேட்டாய். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஏமாற்றத் தலையாட்டவில்லை. அன்று அப்படித்தான் செய்வதாக இருந்தேன். உன் வக்கீல் என்னை இரண்டு தடவை கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். உங்களுக்கு அப்போ எழுதப் படிக்கத் தெரியாது பெரியவரே, போலீஸ்காரங்க வெத்துப் பேப்பர்ல ரேகை வாங்கினாங்க, உள்ள என்ன எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் ஒண்ணும் பார்க்கலனு சொல்லுங்க, அவ்ளோதான் என்றார். அதில் பாதி உண்மை வேறு. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனால் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ரேகை வாங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில், என் வேட்டியில் மணிவேலின் ரத்தம் காய்வதற்கு முன்னால், நான் சொல்லச் சொல்ல என் புகாராக எழுதினார்கள்.

அம்மாவும் கேட்டாள். என்னை இந்த விசுவாசத்துக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். ஜெபம் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு, பொய் சொன்னா பாவம்னு எனக்குத் தெரியாதாய்யா, அந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும், நான் சுமக்கிறேன், நீ சொல்லிடு என்று அழுதாள். வக்கீல் சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். இதை என்னால் தாங்க முடியவில்லை. சரி என்றேன்.

கோர்ட்டுக்குக் கிளம்பும்போது கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். வாசிக்கும் கண்ணாடி இல்லாவிட்டால் பழைய ஆதிமூலமாகவே போய் நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். பார், பொய் சொல்லக் கண்ணாடியைக்கூடத் தயார் செய்தவன் நான். ஆனால் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் சபைக்குக் கிளம்பும்போது செய்கிற பழக்கத்தில், தண்ணீர் பாட்டிலோடு கண்ணாடியையும் எடுத்து அதே பையில் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. அவளுக்கும் நினைப்பில்லை.

கூண்டில் ஏறினேன். எதிரே நீ நின்றாய். இளைத்திருந்தாய். தாடி வைத்திருந்தாய். காலில் ரப்பர் செருப்பு, அதுவும் யாருடையதோ. பின்னால் பெஞ்சில் மணிவேல், பக்கத்தில் அவன் அம்மா பச்சையம்மாள். அரசு வக்கீல் என் புகாரை என்னிடம் கொடுத்து, இது நீங்கள் சொன்னதுதானா என்று கேட்டார். முகம் வியர்த்தது. துண்டை எடுக்கப் பையில் கைவிட்டேன். கண்ணாடிக் கூடு தட்டுப்பட்டது.

எடுக்காமல் விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சோதனை என்றால் ஏதோ பெரிதாக எதிரே வந்து நிற்கும் என்று நினைத்திருந்தேன். பைக்குள் விரல் நுனியில் இருந்தது.

உள்ளுக்குள் ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, என் மகனைக் காப்பாற்றும் என்றேன். எதிலிருந்து என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டது போல இருந்தது. தைரியம் வந்தது என்று எழுதினால் அதுவும் பொய். ஆனால் அவரும் ஒரு மகனைக் கண்ணெதிரே சிலுவையில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன்தானே என்று தோன்றியது. அந்த இடத்தில் என் வயிறு எரிந்தது அவருக்கு மட்டும் புரியும் என்று இருந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு மனதுக்குள் படிக்க இன்னும் வரவில்லை. வாய்விட்டுப் படித்தால்தான் எழுத்து சேருகிறது. அதனால் அந்தத் தாளை உரக்கப் படித்தேன். ஜட்ஜ் அம்மா அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கடை போடும் இடத்துக்காகச் சண்டை வந்தது, மணிவேல் கரும்புச்சாறு வண்டியை எங்கள் கடைக்கு முன்னால் நிறுத்தினான், என் மகன் பந்தல் நட வைத்திருந்த சவுக்குக் கழியால் அடித்தான் என்று படித்து வந்தேன். அடுத்த வரியில் நின்றுவிட்டேன். கீழே விழுந்து கிடந்தவனை மறுபடியும் தலையில் அடித்தான் என்று இருந்தது. அதை இரண்டு முறை கூட்டிப் படித்தேன். படிக்கக் கற்றுக்கொண்டதற்கு அன்று முதல் முறையாக வருத்தப்பட்டேன். பிறகு ஜட்ஜ் அம்மாவைப் பார்த்து, அம்மா, இது நான் சொன்னதுதான், நடந்ததும் இதுதான் என்றேன்.

அப்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு நான் சொன்னதை நீ கேட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தாளில் இல்லாத ஒன்றை நானாகச் சொன்னேன். அடித்த கையோடு நீ கழியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, அவன் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாய். அண்ணா அண்ணா என்று அவனைக் கூப்பிட்டாய். நான் அவனை ஆட்டோவில் ஏற்றும்போது நீ ஓடிப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாய். புகார் எழுதிய அன்று யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் வக்கீலுக்கும் அது தேவைப்படவில்லை. ஜட்ஜ் அம்மா அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால், எசேக்கி, அந்தத் தண்ணீரையும் பார்க்கவில்லை என்றுதானே ஆகியிருக்கும்.

கடைசியில் கிளார்க் பழக்க தோஷத்தில் மைப்பெட்டியை நீட்டினார். வேண்டாம், பேனா கொடுங்கள் என்றேன். ஆதிமூலம் என்று ஐந்து எழுத்தையும் நடுங்காமல் எழுதினேன். அவ்வளவு நாள் ஆசைப்பட்ட கையெழுத்து. உனக்கு எதிராகவா அதை முதலில் போட வேண்டும். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. என் கையாலேயே கண்ணாடியை எடுத்து வச்சேனே என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். சோறு மட்டும் போட்டு வைக்கிறாள். சபையிலும் இன்று பெண்கள் பக்கம் கடைசி பாயில் உட்கார்ந்தாள். பச்சையம்மாளாவது சந்தோஷப்படுவாள் என்று நினைக்காதே. நான் போய் மணிவேல் வண்டிக்குப் பந்தல் கட்டிக் கொடுத்தபோது, புள்ளைய உள்ள தள்ளிட்டு இங்க வந்து கயிறு கட்டறியா, உன் புண்ணியம் எங்களுக்கு எதுக்கு பெரியவரே என்று கேட்டாள். கட்டி முடித்துவிட்டுத்தான் வந்தேன். மணிவேலுக்கு வலது கை இன்னும் தூக்க வரவில்லை. இப்போது எலுமிச்சைச் சாறு மட்டும் போடுகிறான், இடது கையால் பிழிகிறான். ஒரு டம்ளர் சாறு நீட்டினான். உப்பு ஜாஸ்தியாக இருந்தது. குடித்தேன்.

நீ பொய்யில் வெளியே வந்திருந்தால், நாம் இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே அவன் ஒற்றைக் கையால் பிழிவதைத் தினமும் பார்த்து, அது நடக்கவே இல்லை என்பது போல இருந்திருக்க வேண்டும். அந்தக் காவலில் உன்னையும் என்னையும் யாரும் ஜாமீனில் எடுக்க முடியாது.

எத்தனை வருடம் என்று தெரியவில்லை. அடுத்து உன்னைக் கேட்பார்களாம். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன். சொல்லித் தந்ததை ஒப்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முழங்கால் போட்டு ஆண்டவரிடமே கேள்.

உன்னைப் போலீஸ் வண்டியில் ஏற்றும்போது வெறுங்காலோடு போனாய். உன் செருப்பு கடை வாசலிலேயே கிடந்தது. எட்டு மாதமாகத் துடைத்து வைத்திருக்கிறேன். இன்று அதற்குத் துணி கட்டலாம் என்று உட்கார்ந்தேன். பழந்துணி மூட்டையைத் துழாவிக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே போய், உன் ஞானஸ்நானத்துக்கு அவள் கட்டிய பச்சைப் புடவையைக் கொண்டுவந்தாள். மஞ்சள் பூப் போட்டது, நினைவிருக்கும். முந்தானையில் ஒரு துண்டு கிழித்தாள். அதையும் இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அவளே உன் செருப்பில் கட்டினாள். மறுபாதியை இந்தத் தாளின்மேல் போட்டுவிட்டுப் போனாள்.

அதைக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். துணியை உள்ளே விடுவார்களோ என்னவோ. விடாவிட்டாலும் நிறத்தை நினைவில் வைத்துக்கொள். எத்தனை வருடம் கழித்து வந்தாலும் கிழிசல் சேரும். உன் செருப்பை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

ஆண்டவர் உன் காலைக் கல்லிலும் முள்ளிலும் படாமல் காக்கட்டும். அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். பேச வேண்டாம். வலைக்கு அந்தப் பக்கம் வந்து கொஞ்ச நேரம் நில், போதும். வராவிட்டாலும் பாதகமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, இதே இடத்தில் உட்கார்ந்து மறுபடி எழுதுவேன். நீ வருவதற்குள் என் எழுத்து கோட்டில் உட்காரக் கற்றுக்கொண்டுவிடும்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா ஆதிமூலம்