மூவாயிரத்து எண்ணூறு பவுண்டு பாய்லர்

ஹாலிஃபாக்ஸ்,
ஜனவரி 14

அன்புள்ள தம்பி நெவிலுக்கு,

அண்ணன் டெனிஸ் எழுதுவது. ஃபோன் செய்தால் நான் சொல்வது காதில் விழாமலே “நல்லாருக்கேன், நல்லாருக்கேன்” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே பகல்கொள்ளை நடந்திருக்கிறது. அக்டோபரிலிருந்து உன் அண்ணி எனிட்டுக்குத் தீராத தலைவலி. டாக்டர் வயசு என்றார். நான் அவள் ஓயாமல் போடும் குறுக்கெழுத்துப் புதிரைக் குறை சொன்னேன். அவளோ, நான் நூலகத்துக்குப் போன நேரம் பார்த்து, கேஸ் பரிசோதிக்கும் பெண்ணை வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள்.

திரும்பி வந்தால், வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை அணைத்து, மேலே சிவப்பு அட்டை ஒட்டியிருக்கிறாள் அந்தப் பெண். உள்ளே விரிசலாம். வாசனையே இல்லாத நச்சு வாயு கசிகிறதாம். கையிலிருந்த கருவி அலறியதாம். அலறுவது ஒரு சாட்சியா? முப்பத்திரண்டு வருடமாக, புத்தகம் பார்த்தே கற்றுக்கொண்டு, நானே பழுது பார்த்த பாய்லர் அது! அதைச் சொன்னேன்.

“இத்தன நாளா நீங்க காலையில எந்திரிச்சதே பெருசு ஐயா!” என்றாள்.

பாகம் மாற்றித் தா என்றேன். அந்தப் பாகம் இப்போது யாரும் செய்வதில்லையாம். புதிதுக்கு மூவாயிரத்து எண்ணூறு பவுண்டு. நெவில், இந்த வீட்டையே நான் அதைவிடக் குறைவாக வாங்கினேன்! கத்தினேன்.

“உங்க பாய்லர ஒரு வார்த்த சொன்னா பொறுக்காது. என் தலைய மட்டும் யாரு வேணா என்ன வேணா சொல்லலாம்,” என்றாள் எனிட், அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே.

ஐந்து நாளாக வீட்டுக்குள் கோட்டுடன் உட்கார்ந்திருக்கிறோம். பேசினால் வாயிலிருந்து ஆவி வருகிறது. எனிட்டுக்குத் தலைவலி வரவில்லை. குளிர் உடம்புக்கு நல்லது என்றேன். அவள் பாய்லர் மேலிருந்த சிவப்பு அட்டையை விரலால் சுட்டிக் காட்டினாள். எதற்கும் பதில் வைத்திருப்பவள்.

வியாழக்கிழமை வந்து புது பாய்லரை மாட்டச் சொல்லிவிட்டேன். விலை அநியாயம்தான், அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

உன் வீட்டில் இருப்பதும் அதே பாய்லர், ஒரே நாளில் வாங்கியது. நீ தனி ஆள். உனக்குத் தலை வலித்தால் ஆளைக் கூப்பிட அங்கே ஓர் எனிட் இல்லை. இந்தக் கடிதத்தை மடிக்குமுன் அதை அணை. ஜன்னலைத் திற. பணம் இல்லையென்றால் எழுது, அனுப்புகிறேன். என்னோடு வாதாட வேண்டுமா? வசந்தத்தில் நேரில் வந்து வாதாடு. நீ வர வேண்டும்.

உன் அண்ணன்,
டெனிஸ்