ஜீப்புக்கு ரோடு இன்னாத்துக்கு

காலையில் மழை பிடித்துக்கொண்டது. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போன இடத்தில் தொப்பலாக நனைந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, தோளில் கிடந்த கித்தான் பையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அந்த வாடை எழுந்தது. நனைந்த கித்தான், என்றைக்கோ பட்ட கிரீஸ், நேற்று வாங்கிய காரப்பொடி மீன், மூன்றும் சேர்ந்த வாடை. எந்தச் சிப்பாய் எந்த மலையில் சுமந்த பையோ. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் ஒரு பொழுது பூராவும் பேரம் பேசி வாங்கி, என்னிடம் ஏதோ பதக்கம் கொடுப்பதுபோல் கொடுத்தாய். அதில் நான் மீன் வாங்க ஆரம்பித்ததும் உனக்கு வந்த கோபம் இருக்கிறதே. "மிலிட்டரி பேக்ல வவ்வா மீனு எடுத்துக்கினு போறான் பாரு, கலீஜு" என்று தெருவே கேட்கும்படி கத்தினாய்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் உன் ஜீப்பை வெட்டிவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

நீ இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்திருப்பாய். பிடி. ஆனால் முதலில் நடந்ததைக் கேள்.

ஆவடிப் பக்கம் ராணுவக் கழிவு ஏலத்தில் அந்த வண்டியை நீ எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் நீ. கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். நம் இரண்டு பேரில் ஒருவன்கூடப் பட்டாளத்தின் வாசலை மிதித்ததில்லை. உனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டேன். "சண்டைக்கா வாங்குறேன்? மத்த வண்டி நின்னுடுற எடத்துல இது ஸ்டார்ட் ஆவும், மாமு" என்றாய். அன்றைக்கு ராயபுரத்தில் உன் சந்தும் உன் வாசலும் ஒரே மட்டத்தில் இருந்தன. கேட்டைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் தெருவுக்கு சல்யூட் அடித்துக்கொண்டே உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாய்.

அப்படியே விட்டிருந்தால் அது ஓடியிருக்கும். யாரோ புண்ணியவான் அதில் டீசல் எஞ்சின் மாட்டி வைத்திருந்தான். கல்லுப்போல ஓடிய எஞ்சின். நீயோ அதைக் கழற்றிப்போட்டாய். ஒரிஜினல் பெட்ரோல் எஞ்சின்தான் வேண்டும், ஒரிஜினல் கார்புரேட்டர்தான் வேண்டும் என்று சனிக்கிழமை தவறாமல் புதுப்பேட்டைக்கு அலைந்தாய். போகும்போது எஞ்சின் சாமான் தேடிப் போவாய், வரும்போது இரும்புத் தொப்பியோடு வருவாய். மடக்கு மண்வெட்டி, திசைகாட்டி, துணி போர்த்திய தண்ணீர் பாட்டில், தோட்டாப் பெட்டி. அந்தப் பெட்டியை மட்டும் உன் மனைவி பறித்துக்கொண்டு அரிசி கொட்டி வைத்தாள். "எலி கடிக்காத டப்பான்னா இது ஒண்ணுதாண்ணே இந்த வூட்ல" என்பாள். உன் ஆயுதக் கிடங்கில் உருப்படியாக உழைத்தது அது ஒன்றுதான்.

எஞ்சின் இல்லாமல் வண்டி நின்றிருந்த அந்த வருடங்களில்தான் வெளியே எல்லாம் நடந்தது. ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டார்கள். மறுபடியும் போட்டார்கள். அப்புறம் மழைநீர்க் கால்வாய் கட்டி சிமெண்டுப் பலகை போட்டு மூடினார்கள். ஒவ்வொரு தடவையும் உன் வாசல் ஒரு படி இறங்கியது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கடனோ உடனோ வாங்கித் தரையை உயர்த்தினார்கள். நீ அசையவில்லை.

பிறகு அந்த மின்பெட்டி வந்தது. சந்துக்குப் புதிதாகக் கேபிள் இழுத்தவர்கள், ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்றை எங்கே நடுவது என்று கேட்டார்கள். என் வீட்டுக்கு முன்னால் வேண்டாம், என் கடைக்கு முன்னால் வேண்டாம் என்று தெருவே அடித்துக்கொண்டது. வந்த ஆட்கள் வெறுத்துப்போய் வண்டியில் ஏறப்போனார்கள். அப்போது நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாய்.

"எங்க வூட்டு கேட்டாண்ட வெச்சிக்கோ நைனா" என்றாய்.

நான் உன் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "டேய், நாளைக்கு வண்டி எப்படிடா வெளிய வரும்?"

"ஜீப்புக்கு ரோடு இன்னாத்துக்கு மாமு? அது மலையே ஏறும். இந்தப் பொட்டியச் சுத்தி வராதா?"

தெருவே கைதட்டியது. உனக்குத்தான் கைதட்டல் என்றால் போதுமே.

எஞ்சின் உயிர் பெற்ற ஞாயிற்றுக்கிழமை அதே தெரு மறுபடியும் கூடியது. நீ மாதா கோயிலுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. உன் மனைவி சக்கரத்துக்கு எலுமிச்சை வைக்கலாமா, பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கலாமா என்று கேட்டு, கடைசியில் இரண்டையும் செய்தாள். சும்மா சொல்லக் கூடாது, முதல் கியரில் அது ரோட்டுக்கு ஏறும் சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. முன் சக்கரம் இரண்டும் கால்வாய்ப் பலகையைத் தொட்டன. பம்பர் மின்பெட்டியில் இடித்து நின்றது. இடது பக்கம் ஒடித்தாய், மதில். வலது பக்கம் ஒடித்தாய், எதிர்வீட்டுப் படி. பின்னால் இறங்கி மறுபடி ஏறினாய். மறுபடியும் பெட்டி. கொஞ்ச நேரத்தில் கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை நகர்த்தச் சொல்லி மின்வாரியத்துக்கு அலைந்தாய். நகர்த்தலாம், ஆனால் வேறு யாராவது தங்கள் வாசலில் இடம் கொடுக்க வேண்டும் என்றார்கள். கைதட்டிய தெருவில் ஒரு வாசலும் இல்லை. அவர்கள் மேலும் என்ன தப்பு? கால்வாயைக் கட்டாமல் இருக்க முடியுமா, கேபிளைப் போடாமல் இருக்க முடியுமா? யாரைத் திட்டுவது என்று தெரியாமல்தான் நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம்.

அதற்கப்புறம் வாராவாரம் ஞாயிறு பூசை முடிந்து நீ வருவாய், நான் எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். நீ ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்போம். சீட் அதிரும், பல் அதிரும், கையில் டீ அதிரும். எண்ணூரில் எங்கள் நெட்டுக்குப்பம் மணலில் இதை ஓட்டிப்போய் அலை ஓரத்தில் நிறுத்தி, என் தங்கச்சி வைக்கும் மீன் குழம்பைச் சாப்பிட வேண்டும் என்பதுதான் உன் ஆசை. "போவ முடியாதுன்னு எனுக்குத் தெரியும்டா, சும்மா சவுண்டு கேக்கத்தான்" என்று ஒரு நாள் நீயாகவே சொன்னாய். நான் நம்பிவிட்டேன். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

உன் சிறுநீரகம் கெட்டது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நீ ஆட்டோவில் அலைந்தது, எல்லாம் உனக்கே தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். உன் சவப்பெட்டியையும் அந்த மின்பெட்டி மறித்தது. உள்ளே ஜீப்பில் இடித்துக் கேட்டும் பாதிதான் திறந்தது. தூக்கியவர்கள் திணறி, ஒருபக்கமாகச் சாய்த்துத்தான் உன்னை வெளியே எடுத்தோம். எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்திருப்பாய்.

போன மழையில் ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் உன் வாசலில் இறங்கி வீட்டுக்குள் புகுந்தது. உன் மனைவி முழங்கால் வலியோடு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து விடிய விடிய ஜெபம் சொல்லியிருக்கிறாள். ஜீப்புக்கு இருக்கை வரை தண்ணீர். எஞ்சினுக்குள் சேறு போய் இறுகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வாசலை மண்ணடிச்சு ஒசத்தணும். நடுவுல இது நிக்குது. நான் இன்னா பண்றது, நீயே சொல்லு" என்றாள்.

அவள் கேட்டதில் ஒரு பிழையும் கிடையாது. கொஞ்சம் பொறு தங்கச்சி, முழுசாக வெளியே எடுக்கிறேன் என்று வாய் விட்டுவிட்டேன்.

துறைமுகத்தில் என்னிடம் வேலை பழகியவன் ஒருவன் இப்போது ஹைட்ரா என்கிற சக்கரக் கிரேன் வைத்திருக்கிறான். கூட்டிவந்து காட்டினேன். சந்து முனையிலேயே நின்று அண்ணாந்து பார்த்தான். "அண்ணே, ஹைட்ரா இதுக்குள்ள மூக்கு நுழைக்காது. வெளிய நின்னு பூம் கைய நீட்டுனா மேல பூரா ஒயரு. உனுக்குத் தெரியாததா?" என்றான். தெரியும். கிரேனில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இன்னொருவன் வாயால் கேட்டால் ஒருவேளை மாறுமோ என்றுதான் கூட்டிவந்தேன். கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்கியவனுக்கு ஒரு ஜீப்பைத் தூக்க வழியில்லை என்றால் சிரிக்க மாட்டார்களா.

அப்புறம் குப்பத்துக்குப் போய் என் தங்கச்சி மகனையும் அவன் கூட்டாளிகளையும் அழைத்துவந்தேன். ஃபைபர் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடப்பவர்கள். கயிறு கட்டி, மூங்கில் கொடுத்து, மதிலுக்கு மேலாகத் தாண்டவைத்து விடலாம் என்று கணக்கு. ஒரே மூச்சில் தூக்கினார்கள். வண்டியின் முன்பாகம் தரையை விட்டு எழுந்தது. அடுத்த நொடி அடியில் மளுக்கென்று சத்தம். கடல் காற்றும் தேங்கிய தண்ணீரும் அடிச்சட்டத்தைத் தின்றுவிட்டிருந்தன. வண்டி நடுவில் மடிந்தது. மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, "மாமா, இது வண்டி இல்ல, அப்பளம்" என்றான் தங்கச்சி மகன். பாவம், அவன் என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னான்.

அதோடு முழுசாக எடுக்கும் பேச்சை விட்டுவிட்டேன். திருவொற்றியூரிலிருந்து பழைய இரும்புக்காரர் இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டரோடு வந்தார். நல்ல மனிதர். வெட்டுவதற்கு முன்னால் பேனட்டைத் தொட்டுக் கும்பிட்டார்.

"பெரியவரே, டேங்குல ஒரு சொட்டு இருந்தாக்கூட நான் நெருப்பு பத்த வெக்க மாட்டேன். பேஜாராப் பூடும். காலி பண்ணிக் குடுங்க" என்றார்.

அது எப்படி என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். உன் வண்டியை வெட்டுவதற்கும் என் கைதான் வேண்டியிருந்தது. ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினேன், அதற்கடியில்தானே டேங்க். கீழே படுத்து, திருகைக் கழற்றினேன். ஒரு டம்ளர், மிஞ்சினால் ஒரு சொம்பு வரும் என்று அலுமினியச் சட்டியை வைத்திருந்தேன். சட்டி நிரம்பியது. உன் பச்சை ஜெர்ரி கேனைக் கொண்டுவரச் சொன்னேன். அதுவும் நிரம்பியது. இன்னொரு கேன். பெட்ரோல் வந்துகொண்டே இருந்தது. பழசாகி, தேன் நிறத்துக்கு மாறி, வார்னிஷ் வாடையோடு.

"இன்னா பெரியவரே, நாளைக்கு ஊருக்குப் பொறப்படுற வண்டியாட்டம் ஃபுல்லா கீது!" என்றார் இரும்புக்காரர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாராவாரம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். பெட்ரோல் முள் எப்போதும் படுத்தே கிடக்கும், ஒரிஜினல் மீட்டர் அப்படித்தான் என்பாய். சவுண்டு கேட்பதற்கு எதற்கடா முழு டேங்க்? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவனுக்கு எதற்கு முழு டேங்க்?

உன் மனைவி நடைப்படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தாண்ணே கேன்ல வாங்கியாந்து குடுப்பேன். பழசானா உருவி ஸ்கூட்டருக்கு ஊத்திட்டுப் புதுசு ரொப்புவாரு. படுத்த படுக்கையானப்பறமும் என்னை ஊத்தச் சொன்னாரு. ஏன்யா இந்த வேண்டாத வேலைன்னு கேட்டேன். 'அவன் கிரேன் ஓட்டுறவன்டி. என்னிக்கினா ஒரு நாளு வந்து தூக்கி ரோட்டுல வெப்பான். அன்னிக்கு டேங்கு காலியா இருந்தா அசிங்கமாப் பூடும்'னாரு. உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

நான் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தேன். வெளியே வர முடியவில்லை. பெட்ரோல் கண்ணில் பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் வெட்டி முடித்துவிட்டார்கள். துண்டுகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மின்பெட்டியைச் சுற்றி வெளியே போனார்கள். நேற்று மண் லாரி வந்துவிட்டது. வாசல் உயர்ந்துவிடும், இனி உன் மனைவி நனையாமல் தூங்குவாள். அதில் எனக்கு நிம்மதிதான். அந்த இரண்டு கேன்களையும் நான் ஆட்டோவில் வைத்து எண்ணூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. கெட்டுப்போன பெட்ரோலை எந்த வண்டியிலும் ஊற்ற முடியாது. வீட்டில் வைப்பது ஆபத்து, கொட்டிவிடுங்கள் என்று மருமகள் சண்டை போடுகிறாள். அவள் சொல்வது சரி. இரண்டு தடவை கழிமுகம் வரை தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு தடவையும் மூடியைத் திறக்காமல் திரும்பத் தூக்கிவந்தேன்.

நீ ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து என்னிடம் கேட்டிருக்கலாம். முடியாது என்று சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் நீ கேட்கவே இல்லை.