மேனேஜர் கடித்த நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று வலது கை ஆள்காட்டி விரல். நேற்றைய காயத்துக்கு ஒரு நூல் கீழே.

தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கூண்டுக்குள் கை விட்டேன், அவ்வளவுதான். "அய்யோ!" என்று நான் கத்த, கிண்ணம் கவிழ, மேனேஜர் தலையைச் சாய்த்து அதே "அய்யோ!"வைத் திருப்பிச் சொன்னது. அச்சு அசல் என் குரல். அடுப்படியிலிருந்து இவர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேர்ல யாருக்கு அடி?"

பதினோரு வயதில் மகள் கேட்டு அடம்பிடித்து வாங்கிய சாம்பல் கிளி. கம்பின் மேல் முன்னும் பின்னும் அது நடக்கிற தோரணையைப் பார்த்து மேனேஜர் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். பதினோரு வருடம் அவளுடைய கிளி. ஜனவரியில் வேலை கிடைத்து அவள் வேறு ஊருக்குப் போனதிலிருந்து என்னுடைய கிளி. அதற்குத்தான் இன்னும் அது தெரியவில்லை.

மார்ச் 4, புதன்

மாலை ஆறு மணிக்கு அவள் போன். புதனும் ஞாயிறும் ஆறு மணி என்பது அவளே வகுத்த ஏற்பாடு. வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டுக் கூண்டை ஒட்டி வைத்தேன். கிளி அவள் குரலை மறந்துவிடக் கூடாது என்பதற்காக. அப்படித்தான் இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உண்மை வேறு. கல்லூரி விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ம்மோவ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டது. அவள் வராத நேரத்திலும் "ம்மோவ்!" கேட்டு ஏமாந்து எழுந்து போயிருக்கிறேன். அவள் ஊருக்குப் போன மூன்றாம் நாளோடு அது நின்றுபோனது. குக்கர் விசில் வருகிறது, லிஃப்ட் மணி வருகிறது, என் "அய்யோ" வருகிறது. அது மட்டும் வரவில்லை. அவள் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தால் என்றாவது வராதா?

"எப்ப வர்றே?" என்றேன். "பார்க்கலாம்மா." "ஆமா, உனக்கு எங்க நேரம் இருக்கப்போகுது!" அவள் உடனே முடித்துக்கொண்டாள். "சரிம்மா, வைக்கிறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? மனசு கேட்காமல் மேனேஜரைத் தடவப் போனேன். கட்டைவிரல்.

மார்ச் 7, சனி

நான் வேலை பார்க்கும் செவித்திறன் மையத்தில் இன்று பதினான்கு பேருக்குக் காது பரிசோதனை. பிளாஸ்திரி சுற்றிய விரலோடு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். ஒரு பெரியவர், "எத்தனை பேர் சேர்ந்து அடிச்சாங்கம்மா?" என்றார்.

இருபது வருடமாக அதே வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். சிலர் அழுத்தத் தயங்குவார்கள், ஆனால் புருவம் ஒரு இழை அசைந்துவிடும். அதைப் பார்த்தே கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கர்வம் உண்டு.

மார்ச் 8, ஞாயிறு

இன்று ரத்தம். அவள் பேசி முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தீவனக் கடைக்காரர் சொல்லியிருந்தபடி மூக்கில் ஒரு சுண்டு சுண்டினேன். பளீரென்று இன்னொரு கடி, அதே இடத்தில், இன்னும் ஆழமாக.

இவர் பஞ்சை எடுத்து வந்து துடைத்தபடியே, "அது உன்னைக் கடிக்குது, நீ என்னைக் கடிக்கிறே. நான் யாரைக் கடிக்கிறதுன்னு சொல்லிடு, வரிசை முடிஞ்சிரும்" என்றார். சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்து அவரும் குரலை இறக்கினார். "எங்க அத்தை பையன் கேட்டுக்கிட்டே இருக்கான். பெரிய கூண்டு, துணைக்கு ரெண்டு கிளி. இங்க அதுக்கும் நிம்மதி இல்ல, உனக்கும் இல்ல. ஏப்ரல் கடைசி வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா குடுத்துடலாம்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? அவளுடைய அறையில் அலமாரி இருக்கிறது, பழைய பை இருக்கிறது, சுவரில் ஒட்டிய படம் இருக்கிறது. அவள் விட்டுப்போனதில் மூச்சு விடுவது இந்தக் கிளி ஒன்றுதான்.

மார்ச் 9, திங்கள்

சுண்டிய விரலைத் தூரத்தில் பார்த்தாலே சீறுகிறது. என்ன காரியம் செய்தேன்.

மார்ச் 12, வியாழன்

அரை நாள் லீவு போட்டுப் பறவை மருத்துவரிடம் கொண்டுபோனேன். என்னைவிடச் சின்னப் பெண். உடம்பில் குறை ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, "இப்ப நீங்க வழக்கமாத் தூக்குற மாதிரி தூக்குங்க" என்றாள். கையை நீட்டினேன். "நிறுத்துங்க! கண்ணைப் பாருங்க."

பார்த்தேன். கருவிழி சுருங்கி விரிந்து சுருங்கியது. கழுத்து இறகு உடம்போடு ஒட்டிக்கொண்டது. உடம்பு லேசாகப் பின்னால் சாய்ந்தது. அலகு ஒரு நெல்லளவு திறந்தது.

"கடிக்கிறதுக்கு முன்னாடி நாலு தடவை வேணாம்னு சொல்லிடுச்சு, மேடம். நீங்க அஞ்சாவதைத்தான் கேக்குறீங்க."

மற்றதையும் சொன்னாள். சுண்டக் கூடாது, திட்டக் கூடாது. முக்கியமாகக் கத்தக் கூடாது, கத்தினால் அதற்கு அது வேடிக்கை. கடித்தால் மெல்ல இறக்கிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கடித்துக் குதற மரத்துண்டு போட வேண்டும். கையைச் சற்றுத் தள்ளி வைத்துக் காத்திருக்க வேண்டும், அதுவாக ஏறினால் ஒரு பருப்பு. எப்போது கடிக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும்.

வழியெல்லாம் வெட்கம். புருவத்தின் ஒரு இழையைப் படிப்பவளாம் நான்.

மார்ச் 14, சனி

மையத்தில் மை சரியாகப் படியாமல் ஒதுக்கிய பரிசோதனைத் தாள்கள் இருக்கும். கட்டம் போட்டது. ஒன்றை எடுத்து வந்து கூண்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். குறுக்கே நாள், நெடுக்கே நேரம். கடித்தால் சிவப்பு வட்டம். எங்கள் பரிசோதனைத் தாளில் சிவப்பு வட்டம் வலது காதின் குறி. வேறு குறி போடக் கை வரவில்லை.

"மேனேஜருக்குக் காது கேக்கலையா?" என்றார் இவர்.

"எனக்குத்தான்."

மார்ச் 22, ஞாயிறு

கடித்தது. கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இறக்கிவிட்டேன். "அய்யோ" வரும் என்று காத்திருந்து, வராமல் போகவே, மேனேஜர் அதையும் தானே சொல்லிக்கொண்டது.

மார்ச் 29, ஞாயிறு

தாள் நிரம்பிவிட்டது. ஆறு வட்டம். அதில் நாலு, புதனிலும் ஞாயிறிலும். அந்த நாலும் மாலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே. யாராவது நோயாளியின் தாளாக இருந்திருந்தால் அரை நொடியில் சொல்லியிருப்பேன்.

அவள் போன்.

இன்று வேண்டுமென்றே போனைப் பார்க்காமல் கிளியைப் பார்த்தேன். அவள் "ஹலோ" என்றதும் கம்பியோரம் ஓடி வந்தது. போனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. அங்கே இல்லை. வாசல் பக்கம் திரும்பியது. அங்கேயும் இல்லை. திரும்பப் போன், திரும்ப வாசல். விழி சுருங்கி விரிந்தபடியே இருந்தது. இத்தனை நாளும் இதைச் சந்தோஷம் என்று நினைத்தேனே! குரல் இருக்கிறது, ஆள் இல்லை. எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடித் தேடி, பேச்சு நின்றதும் எதிரே ஒரு கை வருகிறது. என் கை.

கடிக்காமல் என்ன செய்யும்.

மார்ச் 30, திங்கள்

வழி தெரிந்துவிட்டது, போனை அதன் எதிரே பேசக் கூடாது. தெரிந்தும் நாள் முழுக்க மனசு அடித்துக்கொள்கிறது. குரலும் கேட்காமல் போனால் அந்த "ம்மோவ்" அடியோடு போய்விடும். அதற்குப் பதிலாக வாரம் இரண்டு கடி வாங்கிக்கொண்டால்தான் என்ன என்றுகூடத் தோன்றியது. விரல் என்னுடையது, போகட்டும். ஆனால் ஒவ்வொரு கடிக்கும் முன்னால் தேடுவது அது அல்லவா. எனக்கு அந்தக் குரல் வேண்டும் என்பதற்காக வாரம் இரண்டு முறை அதைத் தேட விடுகிறேன்.

ஏப்ரல் 1, புதன்

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். "மேனேஜர் எங்கம்மா? சத்தமே காணோம்?" "தூங்குது." பொய். உள்ளே கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து தொடவில்லை. தூர உட்கார்ந்தேன். கடியில்லாத முதல் புதன். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

தினமும் காலை பத்து நிமிடம். கூண்டைத் திறந்து, கையை ஒரு சாண் தள்ளி வைத்து, நிற்கிறேன். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. "அவசரமில்ல, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இந்த வீட்டில் அந்த வார்த்தையை இதற்குமுன் சொன்ன நினைவில்லை. "சீக்கிரம் கிளம்பு, சீக்கிரம் சாப்பிடு, பஸ் போயிடும்" என்று சொல்லியே அவளை வளர்த்தேன். கிளம்பினாள்.

இன்று விழி சுருங்கியது. கையை இரண்டு விரற்கடை பின்னால் எடுத்தேன். கழுத்து இறகு தளர்ந்தது. ஒரு பேச்சுவார்த்தை போலத்தான்.

ஏப்ரல் 13, திங்கள்

ஒரு கால் வைத்தது. எடுத்துக்கொண்டது.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஏறிவிட்டது! இரண்டு காலும். நகம் குளிர்ச்சியாக, கனம் ஒன்றுமே இல்லாமல். பருப்பை நீட்ட மறந்து நின்றுவிட்டேன். அதுவே என் சட்டைப்பையைக் கொத்திக் கேட்டது.

இவரிடம் புதுக் கட்டத்தாளைக் காட்டினேன். பத்தொன்பது நாள் வெறுமை. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு அதிகாரி மாதிரி சரிபார்த்தார். "அத்தை பையன்கிட்ட மேனேஜருக்கு இடமாற்றம் ரத்துன்னு சொல்லிடறேன்."

ஏப்ரல் 25, சனி

வந்திருக்கிறாள்! சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு நாள் லீவில். முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு. வாசலில் "ம்மோவ்!" இல்லை. மணி அடித்தாள். சொந்த வீட்டில் மணி.

பையைக்கூட இறக்காமல் நேரே கூண்டுக்குப் போனாள். "டேய் மேனேஜரு!" என்று கையை உள்ளே விட்டாள், எப்போதும் விடுவது போல. மேனேஜர் பின்னால் சாய்ந்தது. கழுத்து இறகு ஒட்டியது. நான் சொல்வதற்குள் கடித்துவிட்டது.

"அம்மா, என்னை... என்னையே..." வலிக்கு அழுகிறவள் இல்லை அவள். கண் நிறைந்துவிட்டது. "என்னை மறந்துடுச்சும்மா."

"மறக்கலடி. நாலு மாசம் தேடிச்சு. உன்கிட்ட இப்ப கோபமா, பயமா, எனக்கே தெரியல. கையை எடுத்துடாத. கொஞ்சம் தள்ளி அங்கேயே வை. கண்ணைப் பாரு."

வைத்தாள். இவரும் வந்துசேர, மூன்று பேரும் நின்றோம். அப்போது மேனேஜர் வாயைத் திறந்தது. என் குரலில், ரொம்பப் பொறுமையாக, "அவசரமில்ல, அவசரமில்ல" என்றது.

கண்ணீரோடு சிரித்துவிட்டாள். "யாரு குரல் இது? இந்த வீட்லயா? நீ எப்பம்மா இப்படிப் பேசக் கத்துக்கிட்டே?"

ஏப்ரல் 26, ஞாயிறு

கிளம்பும் முன் அவள் கையில் ஏறியது. அரை நிமிடம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, நான் சொல்லவில்லை. இவர்தான் சொன்னார்.

மே 3, ஞாயிறு

ஆறு மணி, பால்கனி. எப்போ வர்றே என்று கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனை எடுத்தேன். கேட்கவில்லை. அவள் ஆபீஸ், அவள் அறைத்தோழி, அவள் விரல் ஆறிவிட்டது. எல்லாம் கேட்டுக்கொண்டேன்.

வைக்கப்போகும்போது அவளே, "அடுத்த மாசம் வரட்டுமாம்மா? இல்ல, உனக்கு வேலை இருக்குமா?" என்றாள்.

அவசரமில்ல என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இத்தனை நாள் பழகிய வார்த்தை, நாக்கு நுனியிலேயே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கம்பில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் வாடி" என்றேன்.