நட்சத்திரக் கட்சிக்குப் போன உன் அப்பா

திருவள்ளூர்,
13-1-1967, போகி.

சிரஞ்சீவி ராமஸ்வாமிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர, அது பனி விட்டால் தானே வழிக்கு வரும். பிலாயில் குளிர் நடுக்குகிறது என்று எழுதியிருந்தாய். பூமா பின்னிக் கொடுத்த மப்ளரைப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காமல் கழுத்தில் சுற்றிக்கொள், உன் தங்கை பரீட்சைப் பாடத்தை விட்டுவிட்டு அதைப் பின்னினாள், அந்த மரியாதைக்காவது போட்டுக்கொள். இன்று போகி, தெருவெல்லாம் பழசை எரித்த புகை, நம் வாசலில் மட்டும் எரிக்க ஒன்றும் இல்லை. கிழிந்த பாயை எடுத்துக்கொண்டு போனேன், உன் அப்பா வாசல்வரை வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார், நடுவில் நன்றாகத்தானே இருக்கிறது, வடாம் காயப்போடலாம் என்கிறார். கடைசியில் பூமா ஒரு மொட்டைத் துடைப்பத்தை அவருக்குத் தெரியாமல் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தாள்.

உன் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல் எனக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறாய். தீபாவளிக்கு வந்தபோது இலையில் உட்கார்ந்துகொண்டு அவர் உங்கள் இரும்பு ஆலையைப் பற்றி ஊரான் கடனில் கட்டிய யானைக் கொட்டாரம் என்று சொன்னதும், அந்த யானைதானப்பா எனக்குச் சோறு போடுகிறது என்று நீ எழுந்துபோனதும் எனக்கு மறக்கவில்லை. லீவு முடியுமுன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். அதிலிருந்து தபால்காரர் வந்தால் அவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார், நான் கடிதத்தை இரைந்து படிக்கிறேன், அவர் கேட்காத மாதிரி கேட்கிறார். இந்தத் தடவை ஒரு வரியை மட்டும் நான் முழுங்கிவிட்டேன். இப்போதுதான் அப்பாவின் நட்சத்திரச் சின்னச் சுதந்திராக் கட்சி உதயசூரியனோடு சேர்ந்துகொண்டு ரூபாய்க்கு மூன்று படி அரிசிக்கு ஓட்டுக் கேட்கிறதே, இனியாவது அப்பா அதைத் தலைமுழுகிவிட்டுக் காங்கிரசுக்குத் திரும்பட்டும், அன்றைக்கு அவருக்கு எழுதுகிறேன் என்று எழுதினாயே, அந்த வரியை. அதற்குத்தான் இந்த நீளக் கடிதம். பொறுமையாகப் படி.

அவர் காங்கிரசில் இருந்த காலம் உனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். அவருடைய சிநேகிதர் சுப்பராயன் மாமாவும் அவரும் காலை பாசஞ்சரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் ஒரே குடையில் கட்சிக் கூட்டத்துக்குப் போவார்கள். சுதந்திரம் வந்த அன்று தேரடியில் கொடி ஏற்றியபோது கூட்டத்தில் உனக்குத் தெரியவில்லை என்று மாமா உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார், நீ அவர் கதர்ச் சட்டை முழுக்கப் பெப்பர்மிண்ட் எச்சில் ஒழுகவிட்டாய், அவர் துடைக்கக்கூட இல்லை. அப்போதெல்லாம் ஒரு மாநாடு நடந்தால் மிஞ்சிய மூங்கிலையும் கீற்றையும்கூட உன் அப்பா கொடுத்தவர்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்புவார், அதற்காக மேடையில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். சிக்கனத்துக்குக் கட்சியே மாலை போட்ட நாட்கள் அவை, இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அப்புறம் வரி ஏறியது, பர்மிட் வந்தது, வெளிநாட்டுக் கடன் வந்தது, இவர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து இதை யார் திருப்பிக் கட்டுவது என்று கேட்டார், இவர் எழுந்தாலே உட்காரச் சொல்ல ஆரம்பித்தார்கள். சின்னக் கட்சி ஒன்று புதிதாக வந்து இவர் கேட்டதையே கேட்டது, இவர் அதற்குப் போய்விட்டார், மாமா காங்கிரசிலேயே இருந்துவிட்டார். போன தேர்தலில் இரண்டு பேரும் எதிரெதிர்ப் பந்தலில் உட்கார்ந்தார்கள், அன்றோடு பேச்சு நின்றது. பாசஞ்சரில் மாமா முன்பெட்டி, இவர் பின்பெட்டி.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. மார்கழியில் கூடாரவல்லி அன்று நம் வீட்டு அக்காரவடிசிலுக்கு மாமாவின் திருவாலங்காட்டு வயல் புது அரிசிதான் என்பது நீ பிறப்பதற்கு முன்பிருந்தே வழக்கம். அவரே தூக்கிக்கொண்டு வருவார், பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணியதும் முதல் இலையில் உட்காருவார். பேச்சு நின்ற பிறகும் வருஷம் தவறாமல் அரிசி வந்தது, ஆள்தான் வரவில்லை, வண்டிக்கார துலுக்காணம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். உன் அப்பா யார் அரிசி என்று கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன், நெய் முழங்கை வரை வழியச் சாப்பிட்டுவிட்டு இந்த வருஷம் அரிசி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார்.

இந்தக் கூடாரவல்லிக்கு முதல் நாள் தேரடியில் கூட்டணிக் கூட்டம். பெரியவர், நட்சத்திரக் கட்சிக்காரர் என்று இவரையும் மேடையில் ஏற்றி, மூன்று படி அரிசியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். உன் அப்பாவிடம் போய்! நான் கூட்டத்தில் பெண்கள் பக்கம் பூமாவோடு நின்றேன், அவர் மைக்கைப் பிடித்தார். ஏழைகள் வயிறு நிறைய வேண்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் சர்க்காருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது, ரூபாய்க்கு மூன்று படி போட்டால் மீதி விலையை உங்கள் இன்னொரு பையிலிருந்துதான் எடுப்பார்கள், எந்தப் பை என்று கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள் என்றார். ஒரு பையன் வந்து, பெரியவரே நேரம் ஆய்க்கினு இருக்குது, குந்துங்க என்று மைக்கை மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டான். கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் ஒரே ஒருவர் கை தட்டினார். திரும்பிப் பார்த்தால் சுப்பராயன் மாமா.

மறுநாள் காலை அரிசியை அவரே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தலை நரைத்துவிட்டது, குரல் மட்டும் அதேதான். கூடத்தில் உட்கார்ந்ததும், இன்னா சாமி, அங்கியும் குந்தச் சொல்ட்டாங்க, இங்கியும் குந்தச் சொன்னாங்க, பேசாம பழைய எடத்துலயே வந்து குந்து, மாலை கட்டி ரெடியா வச்சிக்கினு உன்னைக் கூட்டியாறச் சொன்னாங்க எங்காளுங்க என்றார். உன் அப்பா அரிசியை எடுத்துச் சுவரோரம் வைத்தார். பிறகு, சின்னக் கட்சி தேர் இழுக்க ஆள் போதாமல் அடுத்தவன் வடத்தைப் பிடிக்கிறது, அது எனக்கும் பிடிக்கவில்லை சுப்பராயா, ஆனால் நான் திரும்பி வந்தால் மாலைக்காக வந்தேன் என்று ஆகும், நான் கேட்ட கேள்வி கேட்காத மாதிரி ஆகும், அங்கேயே இருந்து அவர்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். வருவியோன்னு பயந்துகினே வந்தேன், நீயும் வந்துட்டா ரயில்ல நான் யாரோட மல்லுக்கு நிக்கிறது, எலையைப் போடுங்க மாமி என்றார். இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டேன். நெய்யைக் கொஞ்சம் பார்த்து ஊற்று என்று உன் அப்பா வழக்கம்போல் சொன்னார், நான் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிக் கரண்டியே தெரியவில்லை.

கை கழுவப் பின்கட்டுக்கு வந்த மாமா என்னிடம் ஒன்று சொன்னார், அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். நம் ஸ்டேஷனில் பழைய தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் புதிது போடுகிறார்கள், புதிதை இரண்டாம் பிளாட்பாரத்து ஓரம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் ரயில் போன பிறகும் உன் அப்பா அங்கே குனிந்துகொண்டு நிற்கிறாராம், ஏதோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று மாமா தள்ளி நின்று பார்த்திருக்கிறார். அந்த இரும்பின் பக்கவாட்டில் பிலாய் என்று இங்கிலீஷ் எழுத்து புடைத்திருக்கிறதாமே, அதன்மேல் இருந்த கரியை அங்கவஸ்திரத்தால் துடைத்துத் துடைத்து விரலால் தடவிப் படித்துக்கொண்டிருந்தாராம். நம்ம புள்ள ஊர் இரும்பு மாமி, தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு நின்னாரு, நான் பேசல, பேசினா ஓடிடுவாரு என்றார். அந்த அங்கவஸ்திரத்தை நான்தான் துவைத்தேன். எங்கேயோ சாய்ந்தேன், கரி ஒட்டிவிட்டது என்றார். சோப்பு வீணாகிறது என்று வேஷ்டியில் ஒரு பொட்டு அழுக்குப் படவிடாத மனிதர். கறை இன்னும் போகவில்லை, நானும் தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

ஆகையால் அப்பா கட்சி மாறினால் எழுதுகிறேன் என்ற பேச்சை நீ விட்டுவிடு. அவர் பெரிய கட்சிக்கும் வரமாட்டார், சின்னக் கட்சியிலும் நிம்மதியாக இருக்கமாட்டார், எங்கே இருந்தாலும் யார் கட்டுவது என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார். உன்னைப் பெற்றவர் அப்படி. என் ஓட்டு யாருக்கு என்று இரண்டு பேரும் கேட்டுப் பார்த்தார்கள், அக்காரவடிசில் போடுகிறேனே போதாதா என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி ஷிப்டில் வெறும் டீயைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. தை அமாவாசைக்கு நம் பெருமாள் கோயில் குளத்தில் வேண்டிக்கொண்டு உன் பேரில் வெல்லம் கரைக்கிறேன். நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இரு. அடுத்த கடிதத்தின் மேல்விலாசத்தில் உன் அப்பா பேரை எழுது, மறக்காதே. காகிதத்தின் அடியில் நாலு விரற்கடை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன், தபாலில் போட அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன், வெற்றுக் காகிதம் வீணாகப் போக அவருக்கு மனசு வராது.

இப்படிக்கு,
உன் அம்மா
மரகதவல்லி

சி. ராமஸ்வாமிக்கு. இடம் வீணாகக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நம் ஸ்டேஷனில் உங்கள் ஊர்த் தண்டவாளம் பார்த்தேன். வேலை சுத்தமாக இருக்கிறது. கடன் விஷயத்தில் என் அபிப்பிராயம் மாறவில்லை. மாசியில் லீவு கிடைக்குமா?
ராமபத்ரன்